குளவி விழுங்கிய நாய்க்கு வழிவிட்ட சாவடி

யுத்தம் முடிந்து மூன்று மாதம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு இனித் தடையில்லாமல் போய்வரலாம் என்று வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. அதை நம்பி ஒரு வெள்ளிக்கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து கிளம்பினேன். துறைக்கு ஆட்டோ 150 ரூபாய். வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே ‘பாதை’ என்கிறார்கள். பத்து நிமிடப் பயணம். போகும்போது ஒரு குறையும் இல்லை.

திரும்பும்போது, பிற்பகல் 2.10 பாதையில், தவமணியக்கா என்பவர் சாக்கில் சுற்றிய நாயோடு ஏறினார். வயலில் பறந்த குளவியைக் கவ்வி விழுங்கிவிட்டதாம். முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. கடற்கரை வீட்டையும் கணவரையும் சுனாமி கொண்டுபோன பிறகு, அக்கரைக் காணியில் தனியாக இருப்பவர் அவர்.

“இவன், கறுப்பன், குரைச்சாத்தான் மனே யானை வாறது எனக்குத் தெரியும்.”

“மஞ்சத்தண்ணியப் பருக்குகா!” என்று ஒருவர் போத்தலை நீட்டினார். தடுத்தேன். வீங்கிய தொண்டையில் எதை ஊற்றினாலும் புரையேறும். மீன் வியாபாரியிடம் ஐஸ் கேட்டேன்.

“நாய் நக்கின ஐஸில வெச்ச மீன ஆருடாப்பா வாங்குவா?” என்றபடியே பெரிய கட்டியாக உடைத்துத் தந்தார். கறுப்பன் மெதுவாக நக்கினான்.

இக்கரையில் சோதனைச்சாவடி. சிப்பாய் அக்காவைப் பார்த்தார். “அடையாள அட்டை எங்கே?”

“சுனாமியில போன தம்பி. விதானையார்ர கடிதம் கிடக்கு.” கிராம அலுவலரின் அந்தக் கடிதத்தை நீட்டினார்.

“கடிதம் சரிவராது. போக ஏலாது.”

கெஞ்சலில் இருபத்தைந்து நிமிடம் போனது. கடைசியில் கத்திவிட்டேன்: “அப்ப நாய்?”

சிப்பாய் யோசித்தார். “நாய் போகலாம்.”

இந்த மண்ணில் பிறந்தவளுக்கு வழியில்லை, நாய்க்கு உண்டு! கறுப்பனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மிருக வைத்தியர் ஊசி போட்டு ஒரு மணிநேரம் வைத்துப் பார்த்தார். நாயின் பதிவட்டையில் உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கம் வேண்டுமாம். என்னுடையதை எழுதினேன்.

4.50க்குத் துறைக்கு வந்தபோது அக்கா விட்ட இடத்திலேயே நின்றார். “மூச்சு விடுறானா மனே?” கறுப்பன் என் கையிலிருந்து குதித்தே விட்டான்.

நாயோடு போகிறவர்களுக்கு: தேனீயோ குளவியோ விழுங்கினால் வாயைத் திறந்து பாருங்கள். கொடுக்கு தெரிந்தால் மெல்ல எடுங்கள். ஐஸை நக்கக் கொடுங்கள், எதையும் ஊற்றாதீர்கள், உங்கள் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். வீக்கம் ஏறினால், வாந்தி எடுத்தால், முரசு, அதாவது பல்லீறு, வெளிறினால், மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கடைசிப் பாதை 5.30. உங்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

பதிவட்டையை அக்காவிடம் கொடுத்தேன். விதானையாரின் கடிதத்தோடு சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கறுப்பனுக்கு ஒரே பின்னேரத்தில் அட்டை கிடைத்துவிட்டது. அவர் ஐந்தாவது வருடமாகக் காத்திருக்கிறார்.