லேப்டாப்பில் தெளித்த தீர்த்தம்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன். என் மருமகள் ஸ்டெல்லா இறால் கம்பெனியில் எடை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு, ஏழு மாதமாக வெப்சைட் செய்யும் படிப்புப் படித்தாள். கடைசியில் தானே ஒரு வெப்சைட் செய்து, ஆன்லைனில் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் வேலைக்கு அனுப்புவார்களாம்.

அப்படிக் காட்ட வேண்டிய அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுப் படகு எதுவும் தீர்த்தம் படாமல் கடலில் இறங்கியதில்லை. இதுவும் அவளுக்குப் புதுத் தொழில்தானே என்று, மாதா கோயிலில் மந்திரித்து வாங்கிய தீர்த்தத்தை லேப்டாப் மேல் தெளித்தேன். படகுக்குத் தெளிக்கிற அளவு தாராளமாகவே தெளித்தேன். திரை கறுத்துப் போனது.

வந்து பார்த்தவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா, ஏழு மாசப் பாடும் போச்சா?" என்றேன்.

"இல்ல மாமி, செஞ்சதை எல்லாம் நெட்டுலயும் ஏத்தி வச்சிருக்கேன். ஒரு மணி நேரத்துக்குள்ள வேற லேப்டாப் கெடச்சாப் போதும்."

செருப்புக்கூடப் போடாமல் போய், பக்கத்துத் தெரு டீச்சரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

"இதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துராதீங்க மாமி" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் குசும்பு.

தேறிவிட்டாள். இப்போது வீட்டிலிருந்தே வெப்சைட் செய்கிறாள். பெருமையாகத்தான் சொல்கிறேன். தீர்த்தம் தெளிப்பதை மட்டும் நான் விடவில்லை. புது வேலை தொடங்குகிற அன்று அவளை முற்றத்துக்குக் கூப்பிட்டு, அவள் தலையில் தெளிக்கிறேன்.