சுண்ணாம்புக்கு அடங்காத கோடு

காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த வாடை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

என் சின்ன வயதில், தல்லாகுளத்து வாடகை வீட்டில், குனிந்து கோலம் போடும் அம்மாவைப் பளிங்கில் செதுக்குவதற்காக, சிற்பியான அப்பா கூடத்துச் சுவரெல்லாம் கரியால் வரைந்து வரைந்து அழித்தார். முற்றத்தில் கிடந்த கல்லில் உளியே படவில்லை. பொங்கல் நெருங்கியது. அப்பா வெளியே போயிருந்தபோது அம்மா ஆள் விட்டு வெள்ளையடித்துவிட்டாள்.

திரும்பி வந்த அப்பா சாப்பிடாமல் சுவருக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தார். ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் தெரிந்த கோடுகள் காயக் காய மறைந்தன. அழுத்தி அழுத்தி வரைந்த முதுகுக் கோடு மட்டும் மங்கலாக நின்றது.

"இது போதும்" என்று உளியை எடுத்தார்.

"இந்த ஒத்தக் கோட்டுக்கா இம்புட்டு நாளு வீட்டைக் கரியாக்குனீங்க?" என்றாள் அம்மா.

இப்போது வெள்ளையடிப்பவர், "இன்னொரு தடவ அடிக்கவாக்கா?" என்கிறார்.

"காயட்டும்ணே" என்கிறேன். வெறும் காம்பவுண்டுச் சுவர்தான். ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.