ஏழாவது அடுக்கு

அவர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். பேன்ட்டின் வலது பையில் எப்போதும் இரண்டு பிடி இரும்பு வாஷர். நடந்தால் கலகலவென்று சத்தம். அந்தக் கிடங்கில் வேலை பார்க்கிற முந்நூறு பேரில் அவருடைய நிஜப் பெயர் தெரிந்தவர்கள் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் வாஷரண்ணன். "என்னண்ணே, பையில புதையலா?" என்று பெட்டி ஒட்டுகிற பெண்கள் கேட்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். ஒன்பது வருஷமாக இந்த மனுஷன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவருடைய வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. அந்தக் கிடங்கில் இரும்பு ரேக்குகள் இருபத்துநாலு வரிசை, வரிசைக்கு ஏழு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு தண்டவாளம். அதன்மேல் ஒரு தட்டையான வண்டி தானாக ஓடிப் பெட்டிகளை எடுக்கும், வைக்கும். ஷட்டில் என்று பெயர். ஓட்டுகிற ஆள் கிடையாது. பேட்டரி இறங்கினால் வண்டி தானே வரிசையின் கோடிக்கு வந்து நிற்கும். அங்கே சுவரோரத் தூணில் இரண்டு செப்புத் தகடுகள் தொங்கும், அவற்றுக்குப் பின்னால் ஸ்பிரிங். வண்டியின் விலாவில் இரண்டு செப்புப் பட்டை. தகடும் பட்டையும் ஒட்டி நின்றால் சார்ஜ் ஏறும். ஒட்டாவிட்டால் வண்டி நடுவழியில் படுத்துவிடும். நூற்று அறுபத்தெட்டு இடத்திலும் அந்தத் தகடுகளை மாட்டியவர் அவர்தான். துடைத்து, தேய்த்து, ஸ்பிரிங் மாற்றி வருகிறவரும் அவர்தான்.

மாட்டும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. கட்டடம் புதிது, ரேக்குகள் காலி. ஒவ்வொரு வண்டியையும் கோடியில் நிறுத்தி, பட்டை இருக்கிற உயரத்துக்குத் தகட்டை வைத்து முடுக்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வாரம் உழைத்தார். எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் சாமான் வந்து இறங்கியது. பாரம் ஏறியதும் ரேக் மூன்று மில்லிமீட்டர் அமுங்கிவிட்டது. ரேக்கோடு தண்டவாளமும், தண்டவாளத்தோடு வண்டியும் இறங்கின. தகடு மட்டும் தூணில் பழைய உயரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காலி ரேக்கில் அளந்திருக்கிறார் மனுஷன். பாரம் ஏற்றி அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவருடைய அக்கா தையல்காரி. அவரைவிடப் பதினாறு வயது மூத்தவள், அவரை வளர்த்தவளும் அவள்தான். அந்த வீட்டில் அவர் அளவு நாடாவை இழுத்துக்கொண்டுதான் நடக்கவே பழகினார். யார் துணி தைக்க வந்தாலும் அக்கா நிற்கவைத்து ஓர் அளவு, உட்காரவைத்து ஓர் அளவு எடுப்பாள். "நிக்கறப்ப எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கும். உக்காந்தாத்தான் தையல் விடும்" என்பாள். இதை ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவர், ரேக்கை நிற்கவைத்து அளந்துவிட்டு வந்தார்.

சில தகடுகளில் கருப்புப் படிந்ததைப் பார்த்தபோதுதான், பட்டையோடு சரியாக ஒட்டவில்லை என்று அவருக்குப் பட்டது. அன்றைக்கே மேலே போய் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவர் அதுவரை வேலை பார்த்த, தகடு மாட்டிக்கொடுத்த கம்பெனி கூடாரத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. "மாட்டினவரே பாத்துக்கட்டும்" என்று கிடங்குக்காரர்கள் அவரை நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொண்டு அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நல்ல வேலைக்காரன் என்ற பேரில் கிடைத்த வேலை. அதே வேலை தப்பு என்று எந்த வாயால் சொல்வது? மென்று விழுங்கிவிட்டார்.

அதற்குப் பதிலாக வாஷர் போட ஆரம்பித்தார். தூணில் இருக்கிற தாங்கிக்கும் அதற்கடியில் தொங்குகிற தகட்டுக்கும் நடுவே ஒரு வாஷர் சொருகினால் தகடு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கும். வரிசை நிரம்பியிருந்தால் இரண்டு வாஷர், பாதி இருந்தால் ஒன்று, காலியானால் ஒன்றும் இல்லை. சாமான் தினமும் வந்துபோகும் இடம் அது. இன்றைக்கு நிரம்பிய வரிசை நாளைக்குக் காலியாகும். அதனால் காலையில் வந்ததும் எந்த வரிசையில் என்ன ஏறியது, இறங்கியது என்ற பட்டியலை வாங்கிப் பார்ப்பார். பிறகு வரிசைக்குப் பத்து நிமிஷம் மின்சாரத்தை நிறுத்தி, ஏணி போட்டு ஏறி, கழற்றி, சொருகி, முடுக்கி இறங்குவார். "துடைக்கிறேன்" என்று சொல்லிவைத்திருந்தார். கடைசி வரிசையை முடிக்கும்போது முதல் வரிசை மாறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஏணி ஆறாவது அடுக்கு வரைதான் எட்டும். ஏழாவதுக்குப் போக வெளியிலிருந்து தூக்கி வண்டி வர வேண்டும். அது வருஷத்துக்கு ஒருமுறை வரும். அந்த ஏழாவது அடுக்கை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் கெடும். என்றைக்காவது குட்டு வெளிப்பட்டால் அங்கிருந்துதான் வெளிப்படும் என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டார். சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் லீவு எடுத்ததில்லை. மாமனார் காரியத்துக்குக்கூடக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி போய் நின்றுவிட்டுத் திரும்பினார். அந்தக் கோபம் மனைவிக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருஷக் கடைசியில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"கண்ணு நரம்பு காயுதாம்டா. ஓரத்துலேருந்து இருட்டிக்கிட்டே வருது. போனது திரும்பாதாம், மிச்சம் இருக்கறதும் ஒரு வருஷம் தாங்கினாப் பெருசாம்" என்றாள். ஏதோ பட்டன் அறுந்துபோனதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு, "ஒரு தடவை வந்து என் முன்னாடி உக்காந்துட்டுப் போடா. நல்லாப் பாத்து வெச்சுக்கறேன்" என்றாள்.

அவள் இருக்கிற ஊருக்குப் போய்வர நாலு நாள் ஆகும். அவளோடு ஒரு நாளாவது இருக்க வேண்டாமா? ஆக ஐந்து. ஐந்து நாளில் இருபத்துநாலு வரிசையும் எப்படியெல்லாம் ஏறி இறங்கும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. "இந்த மாசம் சரக்கு அதிகம்கா. குறைஞ்சதும் வந்துடறேன்" என்றார்.

"வேலையைக் கெடுத்துக்காதே. முடிஞ்சப்ப வா."

சரக்கு எங்கே குறைந்தது? வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசுவாள். ஒரு வாரம், ஊசியில் நூல் கோக்க வரவில்லை, அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன் என்பாள். இன்னொரு வாரம், நீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரிகிறது, மாமாவுக்குச் சட்டை மாற்றித் தைத்துவிட்டேன் என்று சிரிப்பாள். பிறகு மிஷினை மூடிவைத்துவிட்டேன் என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. வீடியோவில் முகத்தைக் காட்டலாம் என்றால், போன் வெளிச்சம்பட்டால் எல்லாம் கலங்கிவிடுகிறது என்றாள்.

"நீங்க போகாட்டி அந்தக் கட்டடம் இடிஞ்சா விழுந்துடும்?" என்று மனைவி கேட்டாள். "வளத்தவ கண்ணு போறதுக்குள்ள போய் நிக்க முடியல. இதெல்லாம் ஒரு பொழப்பா?"

அவளிடமும் அவர் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம் ஒன்பது வருஷம் ஒரு மூன்று மில்லிமீட்டரை மறைத்துவைத்திருக்கிறார். என்ன ஆள் இவர் என்று எனக்கே கோபம் வருகிறது. ஆனால் அந்த ஆள் பயந்தது வேலை போய்விடும் என்று மட்டுமல்ல. தன் கைவேலை சுத்தம் என்ற ஒரு பேரைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை. அதையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பத்து மாதம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில், "ஏன்டா, நீ இன்னும் மீசை வெச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"வெச்சிருக்கேன்கா. ஏன்?"

"சும்மாதான். முடி ரொம்ப நரைச்சுடுச்சா?"

"பாதி நரைச்சுடுச்சு."

"முன்பக்கமா, காதோரமா?"

"உனக்கு இப்ப எவ்வளவுக்கா தெரியுது?" என்று கேட்டார்.

"நடுவுல இன்னும் கொஞ்சம் தெரியுதுடா. பதறாதே" என்றாள்.

மறுநாள் காலை பட்டியலைக்கூட வாங்காமல் நேராக எஞ்சினியர் அறைக்குப் போனார். எஞ்சினியர் ஒரு பெண்; வந்து இரண்டு வருஷம் ஆகிறது. யாரையும் அதட்டிப் பேசாதவர். அவர் உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. பையிலிருந்த வாஷர்களை அள்ளி மேஜைமேல் வைத்தார். காலி ரேக்கில் அளந்தது, மூன்று மில்லிமீட்டர், கருப்புப் படிந்தது, இரண்டு வாஷர், ஒரு வாஷர், எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொல்லி முடித்தார். "என்னை என்ன வேணா செய்யுங்க மேடம். எனக்கு அஞ்சு நாள் லீவு வேணும். இருக்கிற ஆள்ல ரெண்டு பேருக்கு இந்த வாஷர் மாத்தற விஷயத்தைச் சொல்லிக்குடுத்துட்டுப் போறேன்."

எஞ்சினியர் வாஷர்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தார்.

"இது ரெண்டாவது வருஷ ஆய்வு அறிக்கையிலேயே இருக்கு, அண்ணே. பாரம் ஏறினா ரேக் மூணு மில்லி இறங்கும்னு எழுதியிருக்காங்க. அதுக்காகத்தான் வண்டியில பட்டையை அகலமா வெச்சிருக்கு. பாதி ஒட்டினாலே போதும், சார்ஜ் ஏறிடும்."

"கருப்புப் படிஞ்சுது, மேடம்."

"புதுச் செம்புல முதல் மாசம் படியும். துடைச்சாப் போயிடும்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். எஞ்சினியருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"ஏழாவது அடுக்குக்கு நீங்க வருஷத்துக்கு ஒரு தடவைதானே போறீங்க. வாஷர் எதுவும் மாத்தறதில்ல, இல்லையா? இதைப் பாருங்க. போன வருஷம் சார்ஜ் ஏறாம நின்ன வண்டிங்க. மூணாவது அடுக்குல பதினொண்ணு. ஆறாவதுல பத்து. ஏழாவதுல பத்து."

அவர் குனிந்து அந்தப் பத்தைப் பார்த்தார். விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் செஞ்சதெல்லாம்?"

"தப்பு ஒண்ணும் இல்லண்ணே. தேவைப்படல, அவ்வளவுதான்" என்றார் எஞ்சினியர். "நீங்க துடைக்கறீங்கன்னுதான் நாங்க நெனச்சோம். அஞ்சு நாள் எதுக்கு, பத்து நாளா எடுத்துக்குங்க. உங்களுக்கு லீவு மலையாட்டம் கிடக்கு."

வெளியே வந்தவர் வழக்கம்போல முதல் வரிசைக்கு எதிரில் போய் நின்றார். மேலே வண்டிகள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று கோடிக்கு வந்து நின்றது, பச்சை விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சீட்டைக் கிழித்து அனுப்பியிருந்தால், செய்த தப்புக்குக் கிடைத்தது என்று போயிருப்பார். மாமனார் காரியம், மனைவியின் கோபம், இந்தப் பத்து மாதம், எல்லாம் எதற்குப் போயின என்று யோசிக்க ஆரம்பித்தவர், மேலே யோசிக்கப் பயந்துகொண்டு வீட்டுக்குப் போய்ப் பையில் துணியை அடைத்தார். அன்றைய ரயிலிலேயே கிளம்பிவிட்டார். மீசையை ஒழுங்காக வெட்டிக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் இறங்கினார். அக்கா புருஷன் வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டார். ஆனால் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. அவளுக்கு முழுசாப் போய் பதினெட்டு நாளாச்சு."

"ஞாயித்துக்கிழமை பேசினா, மாமா. நடுவுல கொஞ்சம் தெரியுதுன்னாளே."

"சொல்லக்கூடாதுன்னு என் வாயைக் கட்டிட்டா. கேட்டா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான், அங்க அவன் இல்லாட்டி எல்லாம் நின்னுடும்னா."

உள்ளே அக்கா மூடிவைத்த தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள். அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்துச் சிரித்தாள். அவர் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் சொன்னபடி, நேர் எதிரே.

அவள் கை அவர் தலையைத் தேடிப் பிடித்தது. நெற்றி, காதோரம், மீசை என்று தடவிக்கொண்டே இறங்கியது. "மெலிஞ்சுட்டேடா" என்றாள். பிறகு அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரலில் ஸ்பானர் பிடித்துப் பிடித்துக் காய்த்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"இவ்வளவு காய்ச்சுப் போயிருக்கே. அவ்வளவு வேலையாடா?"

அவர் கையை மெதுவாக இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"இருக்கும் இருக்கும். நீ இல்லாட்டி அங்க ஒரு வண்டி ஓடாதுன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன். மாமாகூடச் சில சமயம் முணுமுணுப்பார், அப்படி என்ன பெரிய வேலைன்னு. நான் விடுவேனா? சாதாரண வேலையா இருந்தா என் தம்பி வராம இருப்பானான்னு கேப்பேன்." அவள் அவர் கையை விடாமல் தட்டிக்கொடுத்தாள். "சரிதானேடா?"

"ஆமாக்கா" என்றார் அவர். "நான் இல்லாட்டி நின்னுடும்."