கடைமடையில் நின்ற அறுப்பு வண்டி

அத்தானை நினைத்தால், இரண்டு காதுகளிலும் இரண்டு கைப்பேசிகளை வைத்துக்கொண்டு ஆய்க்குடிச் சாலையோரம் அவர் நின்ற கோலம்தான் கண்முன் வருகிறது. ஒரு காதில், “ஒங்க வயல்தான் அண்ணாச்சி மொதல்ல,” என்கிறார். அந்தப் பேச்சு முடிவதற்குள் மறுகாதில் வேறொருவரிடம், “ஒம்ம வயல முடிச்சிட்டுத்தான்வே மத்தவன் வயலு,” என்கிறார். பின்னால் லாரியிலிருந்து இறக்கிய அவருடைய அறுப்பு வண்டி மாலையும் எலுமிச்சம்பழமுமாக, ஒரு கதிரைக்கூடத் தொடாமல் நிற்கிறது. அக்காள் கணவர் என்பதால் அன்றைக்கு எரிச்சலை விழுங்கிக்கொண்டேன். அது இன்னும் செரிக்கவில்லை.

அத்தான் ராணுவத்தில் வண்டிகள் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் வீடு கட்டினார்கள், அவர் அறுப்பு வண்டி வாங்கினார். அதிலும் எல்லாரும் வாங்கும் டயர் வண்டி வேண்டாமென்று, சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை சுற்றி ஓடும் செயின் வண்டியாகப் பார்த்து வாங்கினார். ஈர வயலில் டயர் வண்டி இறங்கினால் அடிமண் இறுகிவிடும், அடுத்த பயிரின் வேர் கீழே போகாது என்பார். “மண்ணு கெட்டா அடுத்த வருசம் நான் எதை அறுக்க மாப்ள? அது என் தொழிலுக்கும் சேத்துத்தான் கேடு,” என்பார். தனியார் முதலாளி ஒருவர் மண்ணின் நலத்தைத் தன் லாபத்தோடு சேர்த்துப் பார்த்ததை நான் நேரில் கேட்டது அவரிடம் மட்டும்தான். ஆனால் அத்தனை தூரம் யோசித்தவருக்கு, வண்டி எந்த வழியாக வயலுக்குள் போகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

குளம் பெருகிய நாள், மடை திறந்த நாள், குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய நாள் என்று எதையாவது குறித்துவைப்பது என் வழக்கம். அந்தத் தேதிகளை அடுக்கி வாசகரை வதைக்க மாட்டேன். ஆனால் அவற்றைப் பார்த்தாலே தெரிகிற ஒன்று உண்டு. எங்கள் குளத்து மடையில் பாயும் வயல்கள் படிப்படியாக இறங்கிச் சாலையில் முடிகின்றன. மடைவாயில் இருப்பது பெரியப்பாவின் வயல். நடுவில் என் துண்டும் மற்றவர்களுடையவையும். சாலையை ஒட்டிய கடைசி வயல், ஓய்வுபெற்ற தலைமைக் காவலருடையது. ஊரில் அவர் ஏட்டய்யா. தண்ணீர் முதலில் பெரியப்பாவுக்குப் பாயும், கடைசியில்தான் ஏட்டய்யாவுக்குக் கிடைக்கும். ஐப்பசியில் தொடங்கும் பிசானப் பருவத்தில் நடவும் அதே வரிசை, விளைச்சலும் அதே வரிசை. தலைச்சுமையாகக் கட்டு தூக்கி வரப்பில் நடந்த காலம் வரை இதில் யாருக்கும் தொல்லை இல்லை. அறுப்பு வண்டி வரப்பில் நடக்காது. அது சாலையிலிருந்து வர வேண்டும். அதாவது, கடைசியில் விளைகிற வயலைத்தான் முதலில் அறுக்க வேண்டும்.

அந்த மாசிக் கடைசியில் பெரியப்பாவின் நெல் முற்றித் தலைசாய்ந்துவிட்டது. ஏட்டய்யாவின் பயிரோ பால் பிடித்துப் பச்சையாக நின்றது. வண்டி சாலையில் நின்றது. மேற்கே மலை நாள் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. கையால் அறுக்க ஆள் தேடினால், கீழப்பாவூர் வரை போயும் கிடைக்கவில்லை. பச்சையில் வண்டி அகலத்துக்கு ஒரு பாதை அறுத்துக் கொடுத்தால் போதும், அதற்கு ஈடும் தந்துவிடலாம் என்று அத்தான் ஏட்டய்யாவிடம் போனார். நானும் கூடப் போனேன்.

ஏட்டய்யா பனியனோடு உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்னவே மிஷின்காரரே, எனக்கும் மொத நம்பர் குடுத்திருக்கீராமே? ஊர்ல எத்தன மொத நம்பருவே வச்சிருக்கீரு?”

அத்தான் அசடு வழியச் சிரித்தார். “ஒரு தடம் மட்டும் குடுங்க ஏட்டய்யா. மழ வருது.”

“தண்ணிக்கு எங்க அப்பன் காலத்துல இருந்து நான் கடைசி. அவுக குளிச்ச மிச்சம்தான் எனக்கு. இப்ப அறுப்புக்கு மட்டும் நான் மொத ஆளா? அடுத்த பிசானத்துக்கு மொதத் தண்ணி கடைமடைக்குன்னு ஒம்ம பெரிய மாமாவச் சொல்லச் சொல்லும். இப்பவே அருவாள நானே எடுக்கேன்.”

பெரிய மாமா என்றது என் பெரியப்பாவை. அவரிடம் ஓடினோம். மடையில் முதல் கதிரை அறுத்து ஆய்க்குடி முருகன் கோயிலில் சாத்துவது எங்கள் வீட்டு உரிமை. அந்த உரிமைக்குச் சோறு போடும் சக்தி இருப்பதுபோல் அவர் பேசினார்.

“மடைவாய்ல அருவா வைக்காம கடைமடைல வைக்கதா? அவன் சொல்லுதான்னு நீரும் கேட்டுட்டு வாரீரு மருமவனே. பட்டாளத்துல இதத்தான் படிச்சீரா?”

“முத்திப் போச்சு பெரியப்பா, உதிரப் போகுது,” என்றேன்.

“உதிரட்டும்லே!”

பயிர் அவருடையது, நஷ்டமும் அவருடையது. ஏட்டய்யாவின் கேள்வி நியாயமானது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் தன் சேமிப்பை எல்லாம் கொட்டி வாங்கிய வண்டி நின்று துருவேறிக்கொண்டிருந்தது. மூன்று பேரையும் ஒரே அறையில் பூட்டிச் சாவியைக் குளத்தில் எறியலாமா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் சாயங்காலம் மழை இறங்கியது. விடிந்து பார்த்தபோது பெரியப்பாவின் வயல் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. அவர் வரப்பில் குனிந்து ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, எந்த வழியிலாவது வண்டியை விடச் சொன்னார். அத்தான் நேராக ஏட்டய்யா வீட்டுக்குப் போய்த் தடம் கேட்டு வாங்கி வந்தார். எப்படி என்று கேட்டேன். “அடுத்த பிசானத்துக்கு அவருக்குத்தான் மொதத் தண்ணின்னு நான் வாக்குக் குடுத்திட்டேன் மாப்ள. பெறவு பாத்துக்கிடலாம்.” தனக்குச் சொந்தமில்லாத குளத்துத் தண்ணீரையும், எல்லாருக்கும் முதல் வயல் தந்ததுபோலவே தந்துவிட்டார். சாய்ந்த ஈரப் பயிரில் செயின் வண்டியை அவரே மெல்ல மெல்ல ஓட்டினார். பாதி நெல் தேறியது. மீதி வயலிலேயே முளைவிட்டது.

ஐப்பசியில் குளம் பெருகி மடை திறந்தபோது பெரியப்பா வழக்கம்போல் தன் வயலுக்கே தண்ணீரைத் திருப்பினார். “வாக்குக் குடுத்தவன்ட்ட போய்த் தண்ணி கேக்கச் சொல்லு,” என்று ஒரே வார்த்தை. ஏட்டய்யா சண்டைக்கு வரவில்லை. அந்த மாதம் முடியும் முன்பே, தன் வயலில் சாலையை ஒட்டிய விளிம்பு முழுக்க ஒரே வரிசையாகத் தென்னங்கன்று நட்டார், உள்ளே நெல்லையே தொடர்ந்தார். அதோடு மடை முழுவதற்கும் வண்டிப் பாதை அடைபட்டது, கிடைத்த ஆளை வைத்து மறுபடி கையறுப்புத்தான். அத்தான் மற்ற மடைகளில் அலைந்து பார்த்தார். அங்கெல்லாம் ஒரு பெரியப்பாவும் ஒரு ஏட்டய்யாவும் இருந்தார்கள். சில பருவங்கள் தாக்குப்பிடித்துவிட்டு, வண்டியைப் பாலக்காட்டுக்காரர் ஒருவருக்கு விற்றார். அது லாரியில் ஏறிச் செங்கோட்டைப் பக்கம் போனதைப் பார்க்க அவர் வெளியே வரவில்லை. அக்காதான் வாசலில் நின்றாள்.

வேளாண் இயந்திரங்களில் தனியார் பங்கு பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். கடன் வசதி, உதிரிப் பாகம், ஓட்டுநர் பயிற்சி என்று எல்லாம் எழுதியிருக்கும். தென்காசியில் ஒரு நிறுவனம் நடத்திய கூட்டத்துக்கும் போனேன். மண்ணைக் கெடுக்காத இயந்திரங்கள் என்று திரையில் படம் காட்டினார்கள். கடைமடைக்காரர் வழிவிடாவிட்டால் என்ன செய்வது என்று எழுந்து கேட்டேன். “நல்ல கேள்வி சார்,” என்றார் பேசியவர். பிறகு எல்லாரும் வேன் ஏறி ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார்கள்.

பெரியப்பா காலமாகிவிட்டார். மடைவாய் வயல் இப்போது அவர் மகனுடையது, அவன் ராணுவத்தில் இருக்கிறான். இந்த மாசியில் ஏட்டய்யா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என் வீட்டுப் படியேறினார். செவ்வண்டு துளைத்து, அந்த வரிசையில் அடுத்தடுத்து நின்ற இரண்டு தென்னை போய்விட்டதாம். “அந்த ரெண்டு குழியையும் மூடிருதேன். பயிரையும் ஒரு தடம் அறுத்துத் தாரேன். வண்டி போவட்டும். தண்ணி விசயம் மட்டும் அந்தப் பயல்ட்ட ஒரு வார்த்த கேளும்.” அங்கேயே வைத்து அவனைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். பின்னால் காற்று இரைந்தது. “யாருக்கு மொதத் தண்ணி விட்டா என்ன? எனக்கு நெல்லு வீடு வந்தாப் போதும்,” என்றான். இத்தனை வருடம் அடைபட்டுக் கிடந்த வழி, ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்தில் திறந்துவிட்டது. ஏட்டய்யா சந்தோஷமாகப் பார்த்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தரகரைக் கூப்பிட்டால், “செயின் வண்டியெல்லாம் டெல்டாப் பக்கம் போயிட்டு சார், டயர் வண்டிதான் இருக்கு,” என்றார். வயலில் ஈரம் காயவில்லை. வேறு வழியில்லாமல் வரச்சொன்னோம். அத்தானுக்கு யாரும் சொல்லவில்லை. சத்தம் கேட்டு அவரே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி இரண்டு கைகளையும் ஆட்டினார். “போன தடத்துலயே வாலே! ஒரே தடத்துல ஓட்டு! ஒரு தடம் கெட்டாப் போதும்லே, வயலப் பூரா மிதிக்காத!” வெளியூர் ஓட்டுநர் காதில் பாட்டு மாட்டியிருந்தான். அத்தான் கையாட்டியதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, சிரித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதுவரை சக்கரம் படாத ஈரப் பக்கமாக வண்டியைத் திருப்பினான்.