டப்பாப் பால்

என் அக்காவின் கணவரைத் தெருவில் ‘சிலை’ என்பார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டுகிறார். “ஏன் மாமா, கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்?” என்று சீண்டினால், “நான் சிரிச்சா அடிப்பாங்க. அழுதா அவங்க இன்னும் அழுவாங்க. இந்த மூஞ்சிதான்டா நமக்குச் சோறு போடுது” என்பார். அதையும் அதே மூஞ்சியோடு.

அவர்களுக்கு ஒரே பெண், ஒன்றரை வயது. பசும்பால் ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கும். ஒருமுறை தயிர் பட்ட கரண்டியால் ஊட்டியதற்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மாடி வீட்டு அத்தை மூக்கால் பேசுவார்: “ஆட்டுப்பால் குடும்மா, எல்லாம் சரியாப்போகும்.” டாக்டர் பதறிவிட்டார். “ஐயோ, அதுவும் ஆகாதும்மா! ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.” சோயாப்பால் வயிற்றைக் கலக்கியது. தேங்காய்ப்பாலை ஆசையாகக் குடித்தாள். அதில் சத்து போதாது என்றார் டாக்டர். கடைசியில் ஒரு டப்பா மாவு எழுதிக் கொடுத்தார். பாலின் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்ததாம்.

“எடை ஏறவே இல்ல. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் குடுக்கணும்.”

திரும்பி வரும் வழியிலேயே அக்கா அந்த டப்பாவை வாங்கிவிட்டாள்.

மாவைக் கரைத்ததும் ஈரத்துணியும் வெந்த கோஸும் சேர்ந்த வாடை. ருசியோ, மாத்திரையை மென்றதுபோல். குழந்தை துப்பிவிட்டாள். குடித்துக் காட்டினால் குடிப்பாள் என்று அக்கா ஒரு வாய் விழுங்கி, “ஆஹா! எல்லாம் அம்மாவுக்குத்தான், யாருக்கும் தரமாட்டேன்!” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. குழந்தை அதைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள். அடுத்து நான் பூனைக் குரலில் கத்திக்கொண்டே குடித்தேன். தொண்டையில் இறங்கியதும் என் முகம் கோணிவிட்டது. அவள் அதே கோணலை அப்படியே செய்து காட்டினாள்.

“நீ ஒருத்தன் போதும்டா, அவளக் கெடுக்க!” என்று கத்திய அக்கா, அடுப்படித் தரையில் போய் உட்கார்ந்து அழுதாள்.

மாமா வேலைக்குக் கிளம்பும் சட்டையோடு வந்தார். குழந்தைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, இன்னொரு டம்ளரில் ஊற்றிக் குடித்தார். கெஞ்சவில்லை, ஆஹா சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் பாதி, பிறகு மீதி. குழந்தை அவர் முகத்தில் எதையோ தேடினாள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

தன் டம்ளருக்குக் கை நீட்டினாள். முதல் மடக்கில் முகம் சுருங்கியது. அப்பாவைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அடுத்த மடக்கும் இறங்கியது.

வாசலில், வண்டிக்குப் பின்னால் நின்று மாமா வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

“எப்படி மாமா முடிஞ்சுது?”

“கொமட்டுதுடா. உங்க அக்காகிட்ட சொல்லிடாத.”

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு டம்ளர், எதிரும் புதிருமாக.

அடுத்த முறை தராசில் உட்கார வைத்தபோது, டாக்டர் எண்ணைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். “டியூப் வேணாம். இதையே இன்னும் ஒரு வருஷம் குடுங்க.”

அக்கா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். மாமா தொண்டையைச் செருமினார்.

“டாக்டர், ரெண்டு பேருக்கும் சேத்து எழுதிக் குடுங்க.”