பக்கத்துக்கு வெளியே ஓர் ஏலக்காய்

பேய் உண்டு என்ற அணியில் பேசச் சொல்லி ஒரு பட்டிமன்றத்துக்கு என்னை அழைத்தார்கள். இல்லை என்ற அணியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து இடம் மாறிக்கொண்டவன் நான். அன்று வாங்கிய கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே, நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பேன், சிரித்து முடித்து ஆதாரம் எங்கே என்றும் கேட்டிருப்பேன். ஆதாரம் போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், காசிம் பாயின் அச்சுக் கடை மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பாயின் ஒரே மகன் ஜமால். கல்யாணப் பத்திரிகையும் ஏலக்காய் வியாபாரிகளின் லேபிளும் அவர் கைபட்டால் தனி அழகு என்று ஊரே சொல்லும். ஒரு மழைக்காலத்தில், புதிதாய் அடித்த லேபிள் மாதிரியை எஸ்டேட் முதலாளியிடம் காட்டிவரக் குரங்கணிக்கு மேலே மலைக்கு ஜீப்பில் போனார். வளைவில் ஜீப்பு பள்ளத்தில் உருண்டது, ஓட்டுநரின் உடல் கிடைத்தது, ஜமால் கிடைக்கவில்லை. கீழே ஓடை பெருக்கெடுத்து ஓடியதால் தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு ஆண்டுகள் உருண்டும், மகன் இறந்துவிட்டான் என்ற சொல்லைத் தன் வீட்டில் எவரும் உச்சரிக்கப் பாய் விட்டதில்லை. இதில் நசுங்கியது ஜமாலின் மனைவி பர்வீன். கம்பத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்து, தங்கையை அழைத்துப்போய் வேறொரு வாழ்க்கை அமைத்துத் தருகிறேன் என்பார். மகன் வரட்டும், அவனிடமே கேட்டு அழைத்துப் போ என்பார் பாய்.

கணினி பழுதுபார்க்கும் எனக்கு அந்தக் கடையில் வேலை வந்தது ஜமாலின் கணினியால். புதிய பருவத்துக்கு வியாபாரிகளுக்கு அதே பழைய லேபிள் வேண்டும். அவை இருந்ததோ ஜமால் கையாண்ட காலாவதியான வடிவமைப்பு மென்பொருளில். புதிய மென்பொருளில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் சிதறிக் கோழி கிறுக்கியதுபோல் ஆகிவிடும். பழைய கணினியோ உயிர் விட்டிருந்தது.

"மேடையில மைக்கப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பேச்சுப் பேசுறீங்களே தம்பி, இந்தப் பொட்டிய முழிக்க வைங்க பாப்போம்" என்றார் பாய்.

"செத்ததை எழுப்ப முடியாது பாய். ஆனா அதுக்குள்ள இருக்கிறத அப்படியே புதுசுக்குள்ள குடி வைக்கலாம்."

"என்னமோ பண்ணுங்க. வெரசாப் பண்ணுங்க. யாவாரி ஒருத்தன் காலையில இருந்து வாசல்லயே நிக்கிறான்."

பழைய கணினியின் வன்வட்டை முழுதாக நகலெடுத்து, புதிய கணினிக்குள்ளே இன்னொரு கணினியாக ஓடவிட்டேன். ஓடியது, ஆனால் மென்பொருள் திறக்க மறுத்தது. உரிமக் காலம் முடிந்துவிட்டதாம். இதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வழி, உள்ளே இருக்கும் கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளுவது. ஒவ்வொரு தேதியாகத் தள்ளிப் பார்த்தேன், ஒரே ஒரு தேதியில் மட்டும் திறந்தது; அதற்கு முந்தின நாளிலும் திறக்கவில்லை, அடுத்த நாளிலும் திறக்கவில்லை. கடைசியாகப் பயன்படுத்திய நாளுக்கு முன்னே போக மென்பொருள் சம்மதிக்காது, உரிமமும் அந்த நாளோடு முடிந்திருக்கும் என்று பாய்க்கு விளக்கினேன். அந்த விளக்கம் இன்றும் சரிதான். அன்றிலிருந்து தினமும் காலையில் அதே தேதியை வைத்துத் திறப்பேன், மாலையில் மூடுவேன். வெளியே நாட்கள் போயின. உள்ளே ஒரே நாள்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த பர்வீன் அக்கா ஒருநாள் திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, தூக்குச் சட்டியை வைக்க மறந்து நின்றுவிட்டார்.

"இந்தத் தேதிய யார் வச்சது?"

"நான்தான்க்கா. வேற தேதியில திறக்க மாட்டேங்குது."

"இதுக்கு மறுநாதான் அவர் மலைக்குப் போனாரு."

தேதி என்பது வெறும் எண், அதற்கு நினைவும் கிடையாது நெஞ்சும் கிடையாது என்று அடுக்குமொழியில் ஆரம்பித்தேன். "அதெல்லாம் நடுவர்கிட்டச் சொல்லுங்க தம்பி, கை தட்டுவாரு" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஜமாலின் கோப்புகளில் எனக்குத் தெரியாத ஒன்றைக் காட்டினார். அந்த மென்பொருளில் பக்கத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே வெற்றிடம் உண்டு. அங்கே எதை வைத்தாலும் அச்சாகாது. ஜமால் வேலை முடித்ததும் அந்த வெற்றிடத்தில் சின்னதாக ஓர் ஏலக்காய் வரைவாராம். முடிந்தது, கிளம்பிவிட்டேன் என்று அதற்குப் பொருள். கடைக்குள் நுழைந்து திரையில் ஏலக்காயைப் பார்த்தால், வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று அக்கா வீட்டுக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைப்பாராம். எல்லாக் கோப்பிலும் அது இருந்தது. மலைக்குக் கொண்டுபோன அந்த லேபிளின் கோப்பில் மட்டும் இல்லை. வெற்றிடத்தை மூலை மூலையாக நானே பெரிதாக்கித் தேடிப் பார்த்தேன். இல்லை.

அதன்பின் அக்கா தினமும் வந்தார். அந்த லேபிளைத் திறந்துவைக்கச் சொல்லிச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டுப் போவார். அந்தக் கணினிக்குள் அவர் கணவர் இன்னும் ஜீப்பில் ஏறவில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மாலை, பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், நான் கணினியை மூடப் போனேன்.

"மூடாதீங்க" என்றார் அக்கா. "நாளைக்கு எங்கண்ணன் வருது. நான் பொண்டாட்டியா, இல்ல விதவையா? கேட்டா என்னன்னு சொல்றது? அடக்கம் பண்ண மய்யித்தும் இல்ல, கூட வாழ மனுசனும் இல்ல. அவர இந்த ஒரு நாளுக்குள்ள கட்டிப் போட்டுருக்கோம் தம்பி. ஓடட்டும். அவருக்கும் விடியட்டும்."

லேபிளைத் திறந்தபடியே விட்டுப் போனேன்; மென்பொருள் உரிமம் பார்ப்பது திறக்கும்போது மட்டும்தான், திறந்தே கிடந்தால் நள்ளிரவு தாண்டியும் ஓடும்.

மறுநாள் பாய் வந்ததும் திரையைப் பார்த்தார். தேதி அடுத்த நாளுக்குப் போயிருந்தது. "எவன் மாத்துனது?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நான்தான் மாமா விடச் சொன்னேன்" என்று அக்கா முன்னால் வந்தார். பாய் கையை ஓங்கினாரா, தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கினாரா என்று தெரியவில்லை. அந்தக் கை அப்படியே மேசையில் இறங்கியது. கணினியை அவர் மூடவில்லை. எங்களையும் தொட விடவில்லை. கம்பத்து அண்ணன் வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகலில் மலைப்பக்கம் இருண்டு, மழை இறங்கியது. மேசையிலிருந்து எட்டி உட்கார்ந்திருந்தோம். மவுசின் மேல் எவர் கையும் இல்லை, இதை எந்த மேடையிலும் சத்தியம் செய்வேன். மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. யுபிஎஸ் கீச்சிட்டது, திரை கண்ணிமைக்கும் நேரம் கறுத்துத் திரும்பியது. பக்கத்துக்கு வெளியே, வலது ஓரத்தில், ஓர் ஏலக்காய் இருந்தது.

அக்கா அழவில்லை. "கிளம்பிட்டாரு மாமா" என்றார்.

நான் பாய்ந்து மவுசைப் பிடித்தேன். கடைசியாகச் செய்ததை ரத்துசெய்யும் 'அன்டூ' கட்டளை மங்கிக் கிடந்தது; அதாவது, திறந்ததிலிருந்து அந்தக் கோப்பில் எவரும் எதையும் செய்யவில்லை என்கிறது மென்பொருள். நான் அதை உரக்க விளக்கிக்கொண்டிருந்தபோதே பாயின் கைபேசி அடித்தது. வனக் காவலர் பேசினார். மழையில் மண் சரிந்து, ஓடைக் கரையில் ஒரு சட்டையும் எலும்புகளும் வெளியே வந்திருக்கின்றனவாம். "சட்டை என்ன கலரு?" என்று பாய் கேட்டார். பதிலைக் கேட்டபின் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செய்ய வேண்டிய விசாரணைகளெல்லாம் முடிந்து அடக்கம் நடந்தது. துக்கக் காலம் கழிந்ததும் பர்வீன் அக்கா அண்ணனோடு கம்பம் போனார்; பாயே பேருந்து ஏற்றிவிட்டு வந்தார்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும். மழையில் மண் சரிவது இயற்கை. மின்சாரம் போய்வந்தால் மென்பொருள் தடுமாறும். முன்பே அழித்த ஒரு படம் நினைவகத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து திரும்பியிருக்கலாம். வாதாடுகிறவனுக்கு வழி எப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டைப்பையில் இருந்ததைக் காவலர்கள் பின்னர் பாயிடம் கொடுத்தார்கள். மழைக்காக ஜமால் லேமினேட் செய்து எடுத்துப்போன லேபிள் மாதிரி அது. பிளாஸ்டிக்குக்குள் காகிதம் ஓரங்களில் மட்டும் பழுப்பேறியிருந்தது. பாய் ஒருநாள் அதை என் முன்னால் வைத்தார்.

லேபிளின் எல்லைக்கோட்டுக்கு வெளியே, வலது ஓரத்தில், அச்சாகவே முடியாத அந்த இடத்தில், ஓர் ஏலக்காய் அச்சாகியிருந்தது. பேனாவால் போட்டதல்ல; மற்ற எழுத்துகளின் அதே மை.

"இது எப்பத் தம்பி வந்துச்சு?" என்று பாய் கேட்டார். "அவன் போறதுக்கு முந்தியா, இல்ல திரையில வந்துச்சே அன்னைக்கு மத்தியானமா?"

அதே கோப்பை அதே அச்சுப்பொறியில் எத்தனையோ முறை அடித்துப் பார்த்துவிட்டேன். அந்த ஓரம் வெள்ளையாகத்தான் வருகிறது. பாய் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.