கம்பியால் வெட்டிய புல்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஆள் இருக்கவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அந்த வீட்டை எரித்தார்கள். இருந்தவர்கள் கப்பலேறிப் போய்த் திரும்பவேயில்லை. கூரையில்லாத சுவர்களும் யன்னல் இருந்த ஓட்டைகளும் மிஞ்சின. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் புல் நெஞ்சளவுக்கு வளர்ந்துவிட்டது. எங்கள் முற்றத்தில் ஓர் இலைகூட அசையாத மத்தியானங்களில் அந்தப் புல்லின் நடுவே ஒரு கோடு மட்டும் அசைந்து போகும். யாரோ வாசலில் இருந்து கிணற்றடிக்கு நடப்பதுபோல இருக்கும். கீரிதான் என்று மனைவிக்குச் சொல்லுவேன். அவள் அந்தப் பக்கத்து யன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

ஒழுங்கையின் கடற்கரை முனையில், ரயில் பாதைக்கு இப்பால், மணல் மூட்டை அடுக்கிய பொலிஸ் காவலரண் ஒன்று இருந்தது. அதன் பொறுப்பதிகாரி ஒரு நாள் வந்தார். அந்தப் புல்லுக்குள் ஆள் ஒளிந்திருந்தாலும் தெரியாது, வெட்டிவிடுங்கள் என்றார். வளவு எங்களுடையது இல்லையே என்றேன்.

"பக்கத்தில் இருப்பது நீங்கள்தானே, மாத்தயா," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

கூலிக்கு ஆள் தேடினேன். காவலரணுக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்கத் தமிழ் ஆட்கள் பயந்தார்கள். சிங்கள ஆட்கள் வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த வளவுக்குள் இறங்க மாட்டோம் என்று போய்விட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

என்னிடம் மைத்துனர் லண்டனிலிருந்து கொண்டுவந்த மின்சாரப் புல்வெட்டி ஒன்று இருந்தது. நீண்ட பிடி, அடியில் ஒரு சின்னச் சக்கரம், சக்கரத்திலிருந்து வெளியே நீளும் நைலோன் நூல். விசையை அழுத்தினால் நூல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்று புல்லை அறுக்கும். அப்போது நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். ஒருவருக்குக் கை போனால், அதில் அவருடைய கவனக்குறைவு எவ்வளவு என்று எழுதுவதே என் வேலை. ஆகவே மெஷினோடு வந்த கையேட்டை ஒரு வரி விடாமல் வாசித்தேன். கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குச் சப்பாத்தும் போட வேண்டும். சக்கரத்தின் பின்புற மூடியைக் கழற்றக் கூடாது. வெட்டுவதற்கு முன் நிலத்தை நடந்து பார்த்துக் கல்லும் கண்ணாடியும் பொறுக்க வேண்டும். நைலோனுக்குப் பதிலாகக் கம்பி போடவே கூடாது. அதற்கு ஒரு படமும் போட்டிருந்தார்கள். தூரத்தில் நிற்கும் ஒரு மனிதன், அவனுடைய முகத்தை நோக்கிப் பறந்து வரும் ஒரு சின்னக் கோடு.

நான் நிலத்தை நடந்து பார்க்கவில்லை. அந்த நிலத்தில் என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும். சாரத்தோடும் பாட்டா செருப்போடும் மதிலேறி இறங்கி, எங்கள் வீட்டிலிருந்து நீள வயர் இழுத்து வெட்டத் தொடங்கினேன். எரிந்த வீட்டின் சாமான்கள் ஒவ்வொன்றாக எழும்பி என் காலில் அடித்தன. உருகிய கண்ணாடி, ஓட்டுத் துண்டு, பிறகு ஒரு தேக்கரண்டி. கரண்டி வளையாமல் கறுக்காமல் நேற்றுத்தான் கழுவி வைத்ததுபோல இருந்தது. அதைப் புல்லுக்குள்ளேயே திருப்பிப் போட்டேன்.

அந்தச் சாமான்களில் பட்டுப்பட்டு நூல் அறுந்துகொண்டே இருந்தது. மூடிக்குள் புல் அடைத்துக்கொண்டது. மூடியைக் கழற்றி வைத்தேன். கொண்டுவந்த நூல் முடிந்ததும் மீன் பிடிக்கிற தங்கூசி நூல் வாங்கிச் சுற்றினேன். அதுவும் நிற்கவில்லை. கடைசியில் பழைய சைக்கிளின் பிரேக் கேபிளைப் பிரித்து, அதிலிருந்த உருக்குக் கம்பி இழை ஒன்றைப் போட்டேன். கம்பி நன்றாக வெட்டியது. சத்தம் மட்டும் மாறிவிட்டது. நூல் இரைவது வண்டு இரைவது போலிருக்கும். கம்பி இரைந்தது மூச்சை உள்ளே இழுக்கிற ஓர் ஆளைப்போல.

எங்கள் மேல் அறையில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் வாடகைக்கு இருந்தார். முப்பது வயதிருக்கும். கல்யாணம் முடித்த ஒரு மாதத்தில் மனைவி கனடாவுக்குப் போய்விட்டாள். நாலு வருடமாகக் கடிதமும் தொலைபேசியும்தான். விசா வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை விமானம். சூட்கேஸ் கட்டி, பூட்டி, திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மேலே யன்னலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கிள், சாரத்தோட அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, நீங்கள் தனிய ஒரு இயக்கம் தொடங்கின மாதிரிக் கிடக்கு."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும், தம்பி. அங்கால பொலிஸ் நிக்குது."

"கண்ணுக்கு ஒண்டும் போடேல்லையோ?"

"மூக்குக்கண்ணாடி கிடக்குத்தானே."

"அது பேப்பர் வாசிக்கிறதுக்கெல்லோ!"

சிரித்துக்கொண்டே மறுபடி விசையை அழுத்தினேன். கடற்பக்கத்து மதிலோரமாக வெட்டிக்கொண்டு போகும்போது, கையில் மெஷின் திடீரென்று பாரம் குறைந்தது. சத்தமும் மெலிந்தது. விரலை எடுத்தேன். எல்லாம் நின்றது. அந்த அமைதியில் காவலரணிலிருந்து ஒரு குரல் "அம்மே" என்றது. கத்தலாக இல்லை. தாயை அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது.

பிறகுதான் ஓட்டமும் கூச்சலும். வெடிச்சத்தம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஒழுங்கையில் எல்லாரும் வாசலுக்கு வந்து, முதலே கேட்டிருக்க வேண்டிய அந்தச் சத்தத்தை இனிமேல் கேட்கப் போகிறவர்கள்போல நின்றார்கள். ஒரு கொன்ஸ்தாபிள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மணல் மூட்டையில் சாய்ந்திருக்கிறார், கன்னத்தில் சிவப்பாக ஒரு பொட்டு மட்டும் இருக்கிறது என்று சொன்னார்கள். குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். கம்பியின் ஒரு முனை விரலளவு குறைந்திருந்தது.

மெஷினோடு மதிலேறி வீட்டுக்கு வந்தேன். குளியலறையைப் பூட்டிக்கொண்டு கம்பியைக் கழற்றி மலக்குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லைப் பழைய பல்துலக்கியால் சுரண்டித் துடைத்தேன். எறியாமல் வைத்திருந்த கட்டை நூலைக் கையேட்டில் சொன்ன திசையில் சுற்றினேன். மூடியைப் பூட்டி ஆணியை இறுக்கினேன். கைக்கு வந்த நாளிலிருந்து அந்த மெஷினை முறையாகப் பராமரித்தது அன்று ஒரு நாள்தான்.

பொறுப்பதிகாரி வந்தபோது விறாந்தையில் மெஷின் சுத்தமாக நின்றது. தூக்கிப் பார்த்தார். நூலை இழுத்துப் பார்த்தார். நான் சிங்களத்தில் விளக்கினேன். மூடி இருப்பதால் எதுவும் பறக்காது, நைலோன் தோலைக்கூட ஆழமாக வெட்டாது என்று சொன்னேன். என் குரல் காப்புறுதிக் கந்தோரில் வேலை நேரத்தில் கதைக்கிற குரலாக இருந்தது.

"நல்ல சாமான், மாத்தயா. கவனமாக வைத்திருக்கிறீர்கள்," என்றார்.

அந்தக் கணத்தில் நான் சந்தோஷப்பட்டேன். பயத்தினால்தான் பேசாமல் இருந்தேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது முழுவதும் உண்மையில்லை. அவர் மெச்சியது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மேல் அறையில் யார் இருக்கிறது என்று கேட்டார். யாழ்ப்பாணத்து ஆள் என்று நான் சொன்னதும் மூன்று பொலிஸ்காரர் படியேறினார்கள். அவரைக் கொண்டுவரும்போது, விறாந்தையில் நின்ற மெஷினையும் அதன் மூடியையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருடைய செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

கொன்ஸ்தாபிளுக்கு உயிருக்கு ஒன்றுமில்லை. கன்ன எலும்பிலிருந்து ஒரு சின்னக் கம்பித் துண்டு எடுத்தார்களாம். கம்பி சுடுகிற துவக்கு எங்கே என்று கேட்டே மேல் அறைக்காரரை வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை வந்து போனது. விசாவின் தவணையும் போனது. கனடாவிலிருந்து அவருடைய மனைவி தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், இன்னும் விடவில்லை, பொலிசில் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். ஒரு நாளும் நான் போய்க் கேட்கவில்லை. பின்னேரங்களில் பக்கத்து வளவிலிருந்து அந்த மூச்சிழுப்பு கேட்கத் தொடங்கியது. மெஷின் எங்கள் விறாந்தையில் பிளக் கழற்றிக் கிடக்கும். என் மனைவியிடம் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். புல் பாதி வெட்டியபடியே நின்றது. வெட்டாத பாதியில் அந்தக் கோடு முன்போலவே வந்து, வெட்டிய இடம்வரை வந்து, நின்றுவிடும்.

மழை முடிகிற காலத்தில் அவரை வழக்கொன்றும் இல்லாமல் விட்டார்கள். சூட்கேஸ் எடுக்க வந்தார். கட்டில் விளிம்பில் இருந்தபடி, மின்விசிறியை நிப்பாட்டச் சொன்னார். நிறுத்தினேன். அது முற்றாக நிற்கும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூடியில்லாமத்தான் வெட்டினனீங்கள், அங்கிள். நான் மேல நிண்டு பார்த்தனான்."

"ஏன் தம்பி அவங்களுக்குச் சொல்லேல்லை?"

"முதல் நாள் நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். ரெண்டாம் நாளும் பார்த்தனான். பிறகு சொன்னா, ஏன் முதல் சொல்லேல்லை எண்டு அதுக்கு வேற அடிப்பாங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் பிந்தியதற்குக் காரணம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

"அவளின்ர தமையன்மார், நெருப்பில்லாமப் புகையுமோ எண்டு கேக்கினமாம். திரும்ப ஸ்பொன்சர் பண்ண விடுகினமில்லை. நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ. நடந்ததைச் சொன்னாக் காணும்."

கீழே வந்து எண்ணைச் சுழற்றி என்னிடம் தந்தார். மறுமுனையில் அவள் என் குரலைக் கேட்டதுமே அழுதாள்.

"அங்கிள், நீங்கள் ஒராள்தான் எங்களுக்காக ஓடித் திரிஞ்சனீங்கள். அவர் ஏதும் பிழை செய்தவரோ? எனக்காவது சொல்லுங்கோ."

"இல்லைப் பிள்ளை," என்றேன். "இந்தக் காலத்தில ஆளை மாறிப் பிடிக்கிறதுதானே. கடவுளுக்குத்தான் தெரியும்."

அவர் பக்கத்திலேயே நின்றார். என் கையிலிருந்து ரிசீவரை மெல்ல வாங்கி, காதில்கூட வைக்காமல், அதன் இடத்தில் வைத்தார். சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் யாரோ தெரிந்தவர் அறைக்குப் போனார். பிறகு அவர் கனடாவுக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதை எழுதுவது அவளுக்காக. தங்கச்சி, நீங்கள் இப்போது எந்த ஊரில், யாரோடு இருக்கிறீர்களோ தெரியாது. உங்கள் கணவர் அன்று யன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. கம்பியைப் போட்டவன் நான். நீங்கள் தொலைபேசியில் கேட்ட அந்தக் கேள்விக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.